கசங்கிய கைக்குட்டை

வாலுவுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அது பள்ளிக்கூடத்தில் மட்டும் புழங்குகிறது. வீட்டிலும் தெருவிலும் அவள் வாலுதான். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அவளுடைய அப்பா துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. தேய்த்த துணிகளை அம்மா ஸ்கூட்டரில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவாள். அப்பாவின் கை இருக்கிறதே, அது பொல்லாத கை. கசங்கிய துணியைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. பேருந்தில் முன்னால் நிற்கிறவரின் காலரைக்கூட இழுத்து நேராக்கிவிடும். அவர் திரும்பி முறைப்பார், அப்பா அசடு வழிவார்.

அப்பாவுக்குப் பொருளாதாரத்தில் பட்டம் வாங்க ஆசை. சின்ன வயதில் கல்லூரியில் சேர்ந்தார், கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றுவிட்டார். இப்போது அஞ்சல் வழியில் மறுபடி படிக்கிறார். ஒரு வருடம் கட்டணம் கட்டினால் அடுத்த வருடம் பணம் சேர்க்கவே போய்விடும். இப்படி விட்டு விட்டுப் படித்ததில், வாலு தவழும்போது தொடங்கிய படிப்பு அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் முடியவில்லை.

"எனக்கு முன்னாடி நீ பட்டம் வாங்கிடுவ போலிருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

உட்கார்ந்து படிக்க அவருக்கு நேரம் ஏது? அதனால் அப்பா தேய்ப்பார், வாலு முக்காலியில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள்.

"பண... வீக்கம். பணம் எப்படிப்பா வீங்கும்? கொசு கடிச்சிடுச்சா?"

"எல்லா விலையும் ஏறிட்டே போறதும்மா. ஒரு பை நிறைய சாமான் வாங்கின காசுக்கு இப்ப அரைப் பைதான் வரும். பணம் வீங்கினா பை இளைச்சிடும்."

எழுத்துத் தேர்வுகளை எல்லாம் அப்பா தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டார். மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். போன முறை பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்ததும் அவர் வாய் பூட்டிக்கொண்டது. ஒரு பதிலும் வரவில்லை. இந்த முறையும் கோட்டை விட்டால் கடைசி வருடத்தை முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டும். மறுபடியும் முழுக் கட்டணம்.

"இந்தத் தடவையும் வரலேன்னா விட்டுடலாம்" என்று அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னது வாலுவின் காதில் விழுந்தது. முதலில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது.

அம்மாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"நான்தான் பேராசிரியர். வந்து உட்காருங்க. பணவீக்கம்னா என்ன?"

அப்பா எதிரே உட்கார்ந்து கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அது வந்து..." என்றார். அதற்குமேல் நகரவில்லை.

பெருமூச்சு விட்டபடி எழுந்துபோய், பாதியில் விட்ட சட்டையைத் தேய்க்கத் தொடங்கினார். அவ்வளவுதான், பதில் மடமடவென்று கொட்டியது.

"பணவீக்கம்னா பொதுவா எல்லா விலையும் தொடர்ந்து ஏறிட்டே போறது. மாசச் சம்பளக்காரங்களுக்குத்தான் பெரிய அடி. ஏன்னா..."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அப்பாவின் கை நின்றது. வாயும் நின்றது.

"ஏன்னா?" என்றாள் வாலு.

"ஏன்னா... நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?"

வாலு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவை உற்றுப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இதை மடிங்க."

அப்பா மடித்தார். "ஏன்னா விலை ஏறற வேகத்துக்குச் சம்பளம் ஏறாது."

"நிறுத்துங்க."

கை நின்றது. "அது வந்து..."

"மடிங்க."

மறுபடி பதில் ஓடியது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா குடித்தனம் நடத்தறேன், எனக்கே தெரியல. உங்கப்பாவுக்கு மூளை கையிலதான் இருக்கு."

"அப்ப தேர்வுக்குக் கைக்குட்டை கொண்டுபோய் மடிச்சுக்கிட்டே பேசுங்கப்பா" என்றாள் வாலு.

அப்பா தலையை ஆட்டினார். "படிச்ச பெரியவங்க முன்னாடி உட்கார்ந்து துணி மடிக்கறதா? மரியாதையா இருக்காதும்மா. நான் கையைக் கட்டிக்கிட்டே சமாளிச்சுக்கறேன்."

வாலு எவ்வளவு சொல்லியும் அவர் பிடித்த பிடியை விடவில்லை.

"சரிப்பா" என்றாள் வாலு.

"இவ இவ்வளவு சுலபமா சரின்னு சொல்ற ஆளில்லையே" என்று அம்மா சந்தேகமாகப் பார்த்தாள்.

தேர்வு நாளன்று பள்ளிக்கு விடுமுறை. வாலுவும் அப்பாவுடன் கிளம்பினாள். அவர் கைக்குட்டை ஓரங்கள் பிசகாமல் மடிந்து விறைப்பாக இருந்தது.

"அது எங்கிட்ட இருக்கட்டும்பா. உள்ளே போறப்ப தரேன்."

வாங்கினாள். பேருந்தில் வழி முழுக்க அதன்மேல் உட்கார்ந்து வந்தாள். இறங்கிய பிறகு முஷ்டிக்குள் வைத்து நன்றாகக் கசக்கினாள். அப்பாவைத் தேர்வு அறைக்குள் கூப்பிட்டதும், அவர் சட்டைப் பையில் அதைச் செருகிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அறைக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. வாலு எக்கி நின்று பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த அம்மையார் ஏதோ கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தது, பேசாமலே மூடிக்கொண்டது. வாலு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டாள்.

அப்பாவுக்கு வியர்த்தது. துடைத்துக்கொள்ளச் சட்டைப் பையில் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

அது கைக்குட்டை மாதிரியா இருந்தது? நாய் குதறிப் போட்ட மாதிரி இருந்தது. அப்பாவின் முகம் சுருங்கியது. அவர் வேண்டாம் என்றாலும் கை கேட்க வேண்டுமே. அது கைக்குட்டையை மேசைமேல் விரித்தது. உள்ளங்கையால் ஒரு நீவு நீவியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தது. மூலையோடு மூலை சேர்த்தது.

அப்பா பேசத் தொடங்கினார்.

மூடிய கதவுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் வாலு வாசித்துக் காட்டிய பாடங்கள்தானே. அவர் உதடு அசைவதை வைத்தே எந்தப் பாடம் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

வெளியே வந்ததும் அப்பா கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினார். "யாரு இதைக் கசக்கினது?"

"பஸ்ஸு."

"பஸ்ஸா?"

"நான் பஸ்ஸுல அதுமேல உட்கார்ந்துட்டேன்."

அப்பா சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னாலேயே அந்தப் பேராசிரியர் அம்மையார் வந்தார்.

"தேறிட்டீங்க. பதில் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றவர், கைக்குட்டையைப் பார்த்தார். "மடிப்பு அதைவிட நல்லா இருந்துச்சு."

சில மாதங்கள் கழித்துப் பட்டம் வந்தது. நீளக் குழாய்க்குள் சுருட்டி வைத்துக் கொடுத்திருந்தார்கள். மேசைமேல் விரித்தால் அது மறுபடி சுருட்டிக்கொண்டது. அப்பாவின் கை சும்மா இருக்குமா?

"அதையும் விட்டுவைக்க மாட்டீங்களா?" என்றாள் அம்மா.

சூடில்லாத பெட்டியை எடுத்து, பட்டத்தின்மேல் வெள்ளைத் துணி போட்டு, அப்பா மெல்ல மெல்ல நீவினார். துணியை எடுத்ததும் வாலு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கம் போலச் சத்தமாக வாசித்தாள். அப்பாவின் முழுப் பெயர், பொருளாதாரம், தேர்ச்சி, எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்.

"இன்னொரு தடவை வாசிம்மா. சரியாக் கேக்கல" என்றார் அப்பா.

அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.