கன்னையன் இன்னும் உள்ளே வரவில்லை

கதிர்வேல் காரை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக மூக்கைப் பொத்திக்கொண்டான். பழைய சாயப்பட்டறை நாற்றம் இப்போது அவ்வளவாக இல்லை. ஆனாலும் பொத்தினான். பெங்களூருக்குப் போய்ப் பதினைந்து வருடமான பெரிய மனிதர், திருப்பூரில் கால் வைத்துவிட்டு மூக்கைப் பொத்தாமல் இருந்தால் மரியாதை என்ன ஆவது? அங்கே யாராவது சொந்த ஊர் எதுவென்று கேட்டால் "கோயம்புத்தூர் பக்கம்" என்பான். பனியன் ஊர் என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும் போல.

அவனுடைய அப்பா பழனிமுத்து சோளக்காட்டை அழித்துக் கட்டிய லைன் வீடு அது. எதிரும் புதிருமாகப் பத்து வீடுகள், நடுவில் ஒரு சந்து, கோடியில் இரண்டு கக்கூஸ், முன்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கேட். பழனிமுத்து போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்குகிறவர் காலி இடமாகத்தான் வேண்டும் என்றார். நாளைக்குப் பத்திரப் பதிவு. ஒன்பது வீடுகள் காலி. மூன்றாம் நம்பரில் மட்டும் மயிலாள் இருந்தாள். அவளையும் கிளப்பிவிட்டால் இந்த ஊர்ச் சகவாசம் அத்தோடு தீர்ந்தது, மகள் தேஜஸ்ரீயை ஒருநாளும் இந்தப் பக்கம் கூட்டிவர வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வேளை. கம்பெனிகள் மூடிக் கிடந்தன. ஒரு மிஷின் சத்தம்கூட இல்லாத திருப்பூரில் தன் செருப்புச் சத்தம் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

மயிலாள் வாசல்படியில் உட்கார்ந்து குழந்தை உடுப்புகளுக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் அம்மாவைவிட மூத்தவள். அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், பத்து வயதிலிருந்தே.

"மயிலா, நாளைக்கு ரிஜிஸ்ட்ரேசன். ஊட்டைக் காலி பண்ணச் சொல்லி எத்தன தடவ சொல்றது?"

"வாங்க தம்பி. எனக்கென்னங்க, பொட்டி கட்டி வெச்சு ஆறு வருசமாச்சு. அவரு இன்னும் உள்ள வர்லீங்களே, அதாங்க."

"யாரு?"

"எங்கூட்டுக்காரருங்க."

கதிர்வேலுக்குச் சிரிப்பு வந்தது. வராமல் என்ன? அவள் புருஷன் கன்னையன் செத்து ஆறு வருடமாகிறது.

கன்னையன் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் நீலமாக இருக்கும், தீபாவளிக்குக்கூட வெளுக்காது. அந்தக் கைகளால்தான் கதிர்வேலைத் தினமும் சைக்கிளில் தூக்கி வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். ஒரு சித்திரை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை ஏற்றிக்கொண்டு வண்டி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது.

வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. குடியிருப்பவன் உயிரோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், செத்துவிட்டால் அவன் உடம்பு காம்பவுண்டுக்குள் வரக்கூடாது. கன்னையன் இருபத்திரண்டு வருடம் இருந்தார். அதனால் என்ன, இருபத்திரண்டு வருடமும் வாடகைக்காரர்தானே! மூன்று நாள் கழித்துத் தேஜஸ்ரீக்குக் காதுகுத்து வேறு. பழனிமுத்துவுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. படித்தவன் பக்குவமாகச் சொல்வான் என்று மகனை அனுப்பினார்.

மகனும் பக்குவமாகத்தான் சொன்னான். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்டுல விசேசம் வெச்சிருக்கறமுங்க. ஊருக்குக் கொண்டுட்டுப் போயிருங்க." ஊர் என்று சொல்லப் பிறந்த ஊரான கொமரலிங்கத்தில் அவர்களுக்கு ஒரு சுவர்கூட மிச்சமில்லை. ஒரு மணி நேரம் வீட்டில் கிடத்திக் குளிப்பாட்டினால் போதும் என்று மயிலாள் கும்பிட்டாள். கதிர்வேல் கேட்டைப் பூட்டினான். என்ன மரியாதையாகப் பேசுகிறான் பார் என்று அக்கம்பக்கத்தில் அவனைப் பாராட்டக்கூடச் செய்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். மூன்று மணி நேரம் வண்டி வெயிலில் நின்றது. ஐஸ் உருகி, தண்ணீர் கேட்டுக்கு அடியில் ஓடி வந்தது. பிறகு வண்டி நேராக மயானத்துக்குப் போய்விட்டது.

"வெளியதான் நிக்கறாருங்க," என்றாள் மயிலாள். "நா கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டேன். வரமாட்டீங்கறாரு. பூட்டுனவங்க கூப்புடோணுமாட்ட இருக்குது. ஒருக்கா கேட்டைத் தொறந்து, வாங்கன்னு சொல்லுங்க. சித்த நேரம் படுத்துட்டுப் போகட்டும். நானும் சாவியக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று கதிர்வேல் முடிவு கட்டினான். போகட்டும், இரண்டு வார்த்தையில் வீடு காலியாகிறதென்றால் ஒரு கும்பிடே போட்டுவிடலாம். சந்தில் நடந்தான். உள்ளே வந்தபோது அவன் சாத்திவிட்டு வந்த கேட் அப்படியே சாத்திக் கிடந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவனுடைய கார் இல்லை. அதன் சாவி அவன் பையில் இருந்தது.

கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தான். தெரு காலியாகக் கிடந்தது. வெயிலில் ஒரு நாய்கூட இல்லை. இன்ஜின் மட்டும் தடதடத்துக்கொண்டே இருந்தது. வாடிய ரோஜா மாலையின் வாசமும், அதற்கடியில் சாய வாசமும் வந்தன. இந்த முறை மூக்கைப் பொத்தக் கை எழவில்லை.

காலடியில் ஜில்லென்றது.

குனிந்து பார்த்தான். கேட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெதுவாக உள்ளே வந்து அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி நிமிர்ந்தபோது, அவன் முகத்துக்கு நேராக, கம்பியை நான்கு விரல்கள் பற்றியிருந்தன.

நீல விரல்கள்.

விரலுக்குப் பின்னால் கை இருந்தது, கைக்குப் பின்னால் முழங்கை. அதற்கப்பால் வெயில்தான் இருந்தது.

"கூப்புடுங்க தம்பி," என்று பின்னால் மயிலாள் கிசுகிசுத்தாள்.

அவன் வாயைத் திறந்தான். ஒரு சொல், வாங்க. அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. உள்ளே வந்து சற்றுப் படுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அந்த விரல்களை உள்ளே விடத் தைரியம் வேண்டுமே, அதற்கு எங்கே போவான்? தைரியம் இல்லாத இடத்தில் அவனுக்கு எப்போதும் மரியாதைதான் வரும். அவன் பழகிய பழக்கத்தில் யாரையும் முகத்துக்கு நேராகப் போ என்று சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே அப்புறம் வாங்க என்பார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இல்லீங்க..." என்றான். "இந்த ஊடு குடுத்தாச்சுங்க. இன்னொரு நாளைக்கு... பெங்களூருக்கு, நம்ம ஊட்டுக்கு வாங்க."

விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டன.

வண்டி கியர் மாறும் சத்தம் கேட்டது. அது தெருமுனை வரைக்கும் போய்த் தேய்ந்தது. கீழே தரை காய்ந்து கிடந்தது.

மயிலாள் வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். சாவியை அவன் கையில் வைத்தாள். ஆறு வருடத்தில் அவள் முகத்தில் இப்படியொரு நிம்மதியை அவன் பார்த்ததில்லை.

"எங்கயோ ஒரு ஊட்டுக்குக் கூப்புட்டுட்டீங்க. அது போதுமுங்க. அவரு மனுசங்க சொல்லை அப்படியே நம்பறவரு. கண்டிப்பா வருவாருங்க."

மறுநாள் பத்திரம் பதிவானது. சேலம் தாண்டிக் காபி குடிக்கும்போதே கதிர்வேலுக்குத் தைரியம் வந்துவிட்டது. வெயில் மண்டையில் அடித்தால் ஆள் விரல் என்ன, ஆனை தும்பிக்கைகூடத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டான். ஓசூர் வருவதற்குள் திருப்பூர் என்று ஓர் ஊர் இருப்பதையே மறந்துவிட்டான், அவ்வளவு கெட்டிக்காரன்.

அவன் இருந்தது பதினோராவது மாடி. கீழே மூன்று கேட்டுகள், எட்டு செக்யூரிட்டிகள். கொரியர்காரன் வந்தால்கூட போனில் கேட்டு, வீட்டில் இருப்பவர்கள் அனுமதித்தால்தான் மேலே விடுவார்கள். அதற்காகத்தான் அந்த வீட்டையே வாங்கினான்.

அடுத்த ஞாயிறு, உச்சி வேளை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். கதிர்வேல் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். சோபாவில் ஏழு வயது தேஜஸ்ரீ அவன் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கேட்ல இருந்து கேட்டாங்க. உங்களைப் பாக்கணுமாம். நீங்கதான் வரச் சொன்னீங்களாம். நான் ஓகே குடுத்துட்டேன்."

"யாரும்மா?"

அவள் போனை நீட்டினாள். திரையில் வந்திருப்பவரின் படம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே பேர் இருந்தது. கன்னையன். அதற்கும் கீழே, உடன் வருபவர்கள் நான்கு பேர்.

கதிர்வேல் கேட்டுக்கு போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

லிஃப்ட் மேலே ஏறிவரும் சத்தம் கேட்டது. பதினோராவது மாடியில் நின்றது.

"தேஜு, கதவத் தொறக்காத!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். அவன் கண்ணுக்கு வராந்தா காலியாக இருந்தது. குழந்தைக்கு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்களைப் பார்த்து, "உள்ள வாங்க," என்றாள்.

பிறகு கதவை அகலத் தள்ளிவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். நீளமான ஏதோ ஒன்று திரும்பி உள்ளே வருவதற்கு வழிவிடுவதுபோல், வாசலிலிருந்து ஹால் வரைக்கும் அவள் தலை மெதுவாகத் திரும்பியது.

"அப்பா," என்றாள். "எங்க படுக்க வைக்கணும்னு கேக்கறாங்க."