வெனிலா மணத்த ரொட்டி டின்

ஞாயிற்றுக்கிழமை காலை எவாரிஸ்தோ ஒரு பழைய ரொட்டி டின்னைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு நெரேய்தாவின் வாசலில் வந்து நின்றார். தம்போரில் என்ற அந்த ஊரின் சுருட்டுப் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்த்தவர் நெரேய்தா. ஓய்வு பெற்றபின் ஊரார் தங்கள் குழப்பங்களை அவரிடம் கொண்டுவந்தார்கள். பக்கத்துச் சலூன்காரர் தெல்மோ, கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்தார்.

"அக்கா, சனிக்கிழமை என் மக கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளையா வரப்போற அந்த ஐஸ்கிரீம் கடைக்காரன் வில்கின் ஒரு திருடன்!" என்றார் எவாரிஸ்தோ.

டின் அவருடைய மறைந்த மனைவி சொராய்தாவுடையது. சுருட்டு காய்ந்துபோகாமல் இருக்க, எவாரிஸ்தோ அதனுள் பழைய சுருட்டுப் பெட்டிகளின் தேவதாருப் பலகைகளைப் பொருத்தி, துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, ஈரப்பதம் காட்டும் முள்ளையும் மூடியில் மாட்டியிருந்தார். சொராய்தா கடைசியாகச் சுற்றிய பதின்மூன்று சுருட்டுகள் அதில் இருந்தன. மகள் யூதெல்காவின் கல்யாணத்தன்று பற்றவைப்பதற்கு.

"மோகாவுல அண்ணன் வீட்டுக்கு அஞ்சு நாள் போயிட்டு வந்தேன். ஃப்ரிட்ஜ் மேல வெச்ச டின் கட்டிலுக்கு அடியில கிடக்கு. சுருட்டு பன்னெண்டுதான் இருக்கு. எல்லாத்துலயும் வெனிலா வாசன! நான் இல்லாதப்ப வீட்டுக்கு வந்து போனவன் அவன் மட்டும்தான். அசல எடுத்துட்டு, வெளிநாட்டுக்காரங்களுக்கு விக்கிற வெனிலா சரக்க வெச்சுட்டான்."

"கேஸ் முடிஞ்சுது!" என்றார் தெல்மோ. உடனே தலையைச் சொறிந்தார். "ஆனா மாத்தி வெக்கிறவன் ஏன் ஒண்ணு கொறச்சு வெச்சான்? டின்ன வேற எதுக்கு நகத்தினான்?"

நெரேய்தா ஒரு சுருட்டை எடுத்து அதன் நுனியை வெளிச்சத்தில் திருப்பினார். "இது சொராய்தா சுத்தினதுதான். நுனி ஒட்டினதும் நகத்தால ஒரு அழுத்து அழுத்துவா. அதுக்காகப் பட்டறையில எத்தனையோ தடவ திட்டியிருக்கேன். கேட்டாத்தானே?"

எவாரிஸ்தோ விழித்தார். "அப்ப எடுத்தவன் எதுக்குத் திருப்பி வெச்சான்? எனக்குத் தல சுத்துது, அக்கா."

நெரேய்தா டின்னின் பலகை இடுக்கில் விரலை ஓட்டினார். விரல்நுனியில் பழுப்புத் தூள் ஒட்டியது.

"காப்பித் தூளா?" என்றார் தெல்மோ.

"பொறுடா. முதல்ல அந்த ஃப்ரிட்ஜப் பாக்கணும்."

எவாரிஸ்தோவின் வீட்டு வாசலில் வில்கின் வெயிலில் நின்றிருந்தான். உள்ளே வர அவனுக்குத் தடை. யூதெல்கா கதவருகே அழுத முகத்துடன் நின்றாள். நெரேய்தா நேரே போய் ஃப்ரிட்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்தார்.

"சுடுது. இந்தச் சூட்டுலதான் இலைக்குள்ள இருந்த வண்டு முட்ட பொரிஞ்சிருக்கு, எவாரிஸ்தோ. அந்தத் தூள் வண்டு தின்னு போட்டது. ஒரு சுருட்டு ஓட்டையாயிருக்கும், அதான் ஒண்ணு கொறையுது. மிச்சத்தக் காப்பாத்த ஒரே வழி, மூணு நாள் நல்லா உறைய வெச்சு எடுக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜுல அந்தக் குளிர் வராது. அந்தக் குளிர் எங்க வரும்?"

"ஐஸ்கிரீம் கடையில!" தெல்மோ துள்ளினார். "காலி வெனிலா டப்பாவுல போட்டு மூடியிருக்கான்! அப்புறம் சூடு படாத எடமாப் பாத்து டின்ன வெச்சிருக்கான்!"

நெரேய்தா வாசலைப் பார்த்தார். "சரிதானே, தம்பி?"

வில்கின் தலையாட்டினான்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்றார் எவாரிஸ்தோ. "மூணு நாளா உன்னைத் தெருவுல நிக்க வெச்சுத் திருடன்னு கத்தினேனே!"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "சொன்னா, வண்டு எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும். டின்ன அங்க வெச்சது நீங்க. அத்தையோட சுருட்ட நீங்களே கெடுத்துட்டீங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? திருடன்னு பேர் வாங்கினா அது என்னோட போகும்."

அடுப்பில் கறிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. எவாரிஸ்தோ டின்னை மெல்ல மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அவனை அடிக்கப்போகிறாரோ என்று தெல்மோ பதறினார்.

எவாரிஸ்தோ வில்கினின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"யூதெல்கா, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போடும்மா," என்றார்.