ஒட்டுப் போட்ட சங்கு

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கப்பல் சங்கின் ஒலி வந்தது. முடியும்போது விக்கியது.

சுக்கானில் இருந்த நேத்தனின் கை அப்படியே நின்றது. பாய்கள் நனைந்த கம்பளிபோலத் தொங்க, உப்பிட்ட மீனின் வாடை பலகைக்குப் பலகை ஊறியிருக்க, ஸ்பெயினுக்குப் புறப்பட்ட அந்தச் சின்னப் பாய்க்கப்பல் காலையிலிருந்து ஒரு மூச்சுக் காற்றுக்கு ஏங்கிக் கிடந்தது.

"ஸ்கிப்பர், கேட்டீங்களா? அது நம்ம சைலஸோட சங்கு!"

கப்பல் தலைவர் கார்லண்ட் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "உன் தம்பி கப்பல் காணாமப் போயி மூணு வாரமாச்சுடா."

"அந்தச் சங்குக்குக் காத்தடிக்கிற துருத்தி கிழிஞ்சப்ப என் கடல்நாய்த்தோல் பூட்ஸை வெட்டி நான்தான் ஒட்டுத் தைச்சேன். அன்னையிலேர்ந்து விக்குது. சைலஸ் கப்பல் குடிச்சிட்டு வருதுன்னு ப்யூரின் ஊரே சிரிக்குமே!"

"சண்டை முடியற வரைக்கும் சங்கு ஊதக்கூடாது. நீர்மூழ்கிக்காரன் காதுல விழும்."

"பனியில ஒருத்தன் ஊதினா பதில் குடுக்காம எவன் இருந்திருக்கான்? அம்மா தினமும் துறைக்குப் போய் நிக்கிறாங்க, ஸ்கிப்பர்."

கார்லண்ட் கடலைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை."

நேத்தன் தங்கள் சங்கின் துருத்திப்பெட்டிப் பிடியை அழுத்தினான். உடனே பதில் வந்தது. விக்கலோடு, இன்னும் கிட்டத்தில். அவன் மறுபடி ஊதினான். இன்னும் கிட்டத்தில்.

"டேய் சைலஸ்! அண்ணன்டா! வாயத் திறந்து பேசேன், களவாணி!"

சங்குதான் பேசியது. பாய் படபடக்கவில்லை. மரம் முனகவில்லை. கப்பல் ஒன்று நெருங்கி வரும்போது கேட்கிற எதுவுமே கேட்கவில்லை. பனியோடு ஏதோ கனமாக, வழுவழுப்பாக மூக்கில் ஏறியது.

"எண்ணெய் வாடை," என்றார் கார்லண்ட், மிக மெதுவாக. "பாய்க்கப்பலுக்கு எண்ணெய் எதுக்குடா? நிறுத்து."

பனி கிழிந்தது.

பாய்மரம் இல்லை. சாம்பல் நிற இரும்பு முதுகு. நீர் வழிந்துகொண்டிருந்தது. பீரங்கி அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. அதனருகே ஒரு துருத்திப்பெட்டி. அதில் நேத்தனின் தையல். குனிந்து பிடியை அழுத்திக்கொண்டிருந்தவன் முகம் தெரியாத ஒருவன். அவன் கையில் அம்மா சைலஸுக்குப் பின்னிய சிவப்புக் கரைக் கையுறை.

அவன் நிமிர்ந்து சிரித்தான். மறுபடி அழுத்தினான். சங்கு விக்கியது.

"நேத்தன், நிறுத்துடா!"

நேத்தனும் நிறுத்தத்தான் நினைத்தான். கைதான் கேட்கவில்லை. அது பதில் ஊதிக்கொண்டே இருந்தது.