குளிரில் வைத்த முப்பது முட்டைகள்

ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியைத் திறந்ததுமே இனாஸுக்குச் சுருக்கென்றது. நேற்று மாலை அவள் கையாலேயே வரிசையாக நிறுத்திவைத்த முட்டைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, எல்லாக் குறியும் கதவைப் பார்த்தபடி. இப்போது இடத்தட்டின் முப்பதும் வைத்தது வைத்தபடியே இருக்க, வலத்தட்டின் முப்பதும் பெட்டிக்குள் மூலையில் மினுங்கும் சின்னப் பச்சை விளக்கின் பக்கம் திரும்பியிருந்தன.

அறுபதிலும் ஃப்ளூ கிருமியை ஏற்றியிருந்தார்கள். வலத்தட்டுக்கு மட்டும் புது மருந்து, நாற்பத்தொன்றாம் எண். ஓர் இரவு குளிரில் வைத்தால் உள்ளே இருக்கும் குஞ்சுக் கரு செத்துவிடும். மறுநாள் உடைத்து நீரெடுத்து, மருந்து கிருமியை எவ்வளவு அடக்கியது என்று பார்ப்பார்கள். செத்த முட்டை திரும்பாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன, கூட வேலை பார்க்கும் ஷவ்கிதான். இன்னொரு சாவி அவனிடம்தான் இருக்கிறது. மருந்து ஜெயித்தால் துறைத்தலைவர் நாற்காலி அவனுக்கு. கெய்ரோவிலேயே அவனைப் போல அவசரக்காரன் கிடையாது.

"முட்டைய மாத்தினியா ஷவ்கி?"

"அல்லா மேல சத்தியமா இல்ல டாக்டர். நான் அந்தப் பக்கமே போகல. இந்தாங்க என் சாவி. ராத்திரி தலைகாணிக்கு அடியில வெச்சுத் தூங்குங்க!"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஒன்றையும் உடைக்க விடாமல், குறிகளை மறுபடி கதவுப் பக்கம் திருப்பி, பெட்டிக்கு டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டாள்.

அவள் பயம் அவளுக்கு. இரண்டு இரவுக்கு முன் ஆறு வயது மகள் ஜோமானாவுக்கு ஃப்ளூ முற்றி, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து திருடி வந்த ஒரு குப்பி நாற்பத்தொன்றை மாம்பழச் சாற்றில் கலந்து ஊட்டினாள். விடியற்காலையில் பிள்ளையின் உடம்பு சில்லென்று ஆனபோது, ஜுரம் விட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதாள். இதுவரை வந்த நல்ல முடிவெல்லாம் ஷவ்கியின் பித்தலாட்டம் என்றால், பெற்ற பிள்ளைக்கு அவள் ஊட்டியது என்ன?

மறுநாள் காலை பாலைக்காற்று வீசி ஊரையே மஞ்சளாக்கியிருந்தது. பல்லிடுக்கில் மணல், மூக்கில் புழுதி வாசம். டேப் கிழியவில்லை. கையெழுத்து பிசகவில்லை.

வலத்தட்டின் முப்பதும் மறுபடி பச்சை விளக்கின் பக்கம்.

அதில் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய், குளிர்பெட்டியின் உறுமல் சுவர் வழியாக வந்துகொண்டிருக்க, அதன் பின்னால் விளக்கைப் பிடித்தாள். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் வலைபோலத் தெரியும். இதில் ஒரு நரம்புகூட இல்லை. துடிப்பு இல்லை. செத்ததுதான். பெருமூச்சு விட்டாள்.

அப்போது உள்ளே இருந்த நிழல் அசைந்தது.

விளக்கை இடப்பக்கம் நகர்த்தினாள். நிழலும் மெல்லத் திரும்பியது. வலப்பக்கம். அதுவும் வலப்பக்கம்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காற்றுக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். நாத்தனார் அஃபாஃப் வாசலில் நின்றாள்.

"நல்ல மருந்துதான் குடுத்திருக்க, போ! ஒரு இருமல் இல்ல. ஒரு வாய் சாப்பிடத்தான் மாட்டேங்குறா. காலையிலேர்ந்து அந்த பல்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

இனாஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். கதவிடுக்கில் மணல் உரசியது.

"ஜோமானா, நம்ம விளையாட்டு விளையாடலாமா? கைய நீட்டுடா கண்ணு."

கை நீளவில்லை. தானே எடுத்தாள். சில்லென்றிருந்தது. செல்போன் டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்தாள். விரலெல்லாம் சிவப்பாக ஒளிரும். எத்தனை முறை பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

சிவப்பு இல்லை. ஒரு நரம்பு இல்லை. முட்டையோட்டு நிறம்.

போனை இடப்பக்கம் நகர்த்தினாள்.

பிள்ளையின் முகம் கூடவே வந்தது.

வலப்பக்கம்.

வந்தது. இமைக்காமல். மூச்சில்லாமல்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது.