ஓடிப்போன ராஜாவின் மீதிக் கல்

ஓடிப்போன ராஜாவாக நடிக்க யாருக்குத்தான் ஆசை வரும்? பள்ளி நாடகத்தில் அந்த வேடம் பட்டாணியின் தலையில்தான் விழுந்தது. பட்டாணி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஆள் பொடிசு, வாய் மட்டும் பெரிசு. இப்போது அந்த வாயையும் திறக்க முடியவில்லை.

"ஓடுற ராஜா வர்றாரு, வழி விடுங்க!" என்று வகுப்பே கேலி செய்தது.

மந்திரியாக நடிக்கும் நெட்டையன், "ராஜா, ஓடுற அவசரத்துல செருப்பை மறந்துடாதீங்க!" என்றான்.

அழுகையும் ஆத்திரமுமாகச் சித்தியிடம் போய் நின்றாள் பட்டாணி. சித்திக்குக் கல்வெட்டு அலுவலகத்தில் வேலை. இருந்த இடம் தெரியாமல் அழிந்துபோன அந்த ராஜாவின் ராஜ்யத்தைப் பற்றித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"சித்தி, அந்த ராஜா நிஜமாவே பயந்தாங்கொள்ளியா?"

"யாருக்குடி தெரியும்? கிடைச்சது மேல்பாதிக் கல்லு மட்டும்தான். 'வெள்ளம் வந்தது, மன்னன் நகரை விட்டு நீங்கினான்'னு இருக்கு. அதோட கல்லு உடைஞ்சுபோச்சு."

"பாதியைப் படிச்சுட்டு ஒருத்தரை இப்படிச் சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுதான். மீதி கிடைக்கணுமே!" என்று பெருமூச்சு விட்டாள் சித்தி.

மறுநாள் பட்டாணியின் சைக்கிள் பஞ்சர். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடினார். பட்டாணியும் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் உட்கார அங்கே ஒரு கல் பலகை உண்டு. அதன் அடிப்பக்கம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

அடேயப்பா! வரிவரியாக எழுத்து! சித்தியின் மேசைமேல் இருக்கும் படங்களில் பார்த்த அதே கொக்கி கொக்கியான எழுத்து!

செய்தி கேட்டுச் சித்தி, தாளும் தூரிகையும் மையும் வைத்த பையோடு ஓடி வந்தாள். கடைக்காரரோ கல்லின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கிட்ட வராதீங்க! போன தடவை உங்க ஆபீஸ்காரங்க, 'பாத்துட்டுத் தர்றோம்'னு கொல்லையில கிடந்த கல்லைத் தூக்கிட்டுப் போனாங்க. போனது போனதுதான். இது எங்க அப்பா போட்ட கல்லு."

"இதைத் தூக்க மாட்டோம் சார். எழுத்தைக் காகிதத்துல பதிச்சுக்குவோம், அவ்வளவுதான்."

"இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்மா."

சித்திக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "அப்ப மேலிடத்து உத்தரவோட வர்றேன்!" என்று திரும்பினாள்.

பட்டாணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இருங்க சித்தி. மாமா பயப்படுறாரு. பயந்தவங்களை ஏன் இன்னும் பயமுறுத்தணும்?"

பிறகு கடைக்காரரின் பழைய கருவிப் பெட்டியைக் காட்டினாள். "மாமா, இதுல செதுக்கியிருக்கிறது யார் பேரு?"

"எங்க அப்பா பேரு. அவரே செதுக்கினது."

சித்தி படியெடுப்பதைப் பலமுறை பார்த்தவள் பட்டாணி. சித்தியின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நனைத்தாள். பெட்டிமேல் ஒட்டினாள். தூரிகையால் தட்டித் தட்டிப் பதித்து, மேலே மை ஒற்றினாள். தாள் கறுத்தது. பள்ளமான எழுத்துகள் மட்டும் வெள்ளையாக நின்றன. மெல்ல உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"பேரு தாளுக்கு வந்துடுச்சு. பெட்டி உங்ககிட்டயே இருக்கு. கல்லுக்கும் இவ்வளவுதான் நடக்கும் மாமா."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா செதுக்கின மாதிரியே இருக்கே..." என்று தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது எனக்கா?"

"உங்களுக்குத்தான்!"

"சரி, பண்ணுங்க. ஆனா அதுவரைக்கும் கடைக்கு வர்றவங்க எங்க உட்காருவாங்க?"

பட்டாணி வீட்டுக்கு ஓடினாள். ஒரு நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாலு பேர் கைகொடுக்க, கல் புரண்டது. சித்தி தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றினாள். பிறகு விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"'குடிகளையும் ஆடுமாடுகளையும் அக்கரை சேர்த்த பின்பே, மன்னன் கடைசி ஓடத்தில் ஏறினான்.' பட்டாணி, இதுதான் அந்த மீதிக் கல்லு! அவர் ஓடிப்போகலைடி!"

பட்டாணி துள்ளிக் குதித்தாள். கடைக்காரர் ஆள் விட்டுக் கல்லைப் பழையபடி போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நாடகத்தை வச்சுக்கிட்டு, இன்னைக்கு வந்து சொல்றியே!" என்று டீச்சர் தலையில் கை வைத்தார். ஆனாலும் கடைசிக் காட்சியை மாற்றி எழுதினார்.

மேடையில் அட்டை ஓடம் நின்றது. குடிமக்கள் ஏறினார்கள். ஆடாக நடித்த குட்டிப் பையன் 'மே' என்று கத்திக்கொண்டே ஏறினான். நெட்டை மந்திரியும் ஏறினான். கரையில் ராஜா மட்டும்.

"ராஜா, நீங்களும் வாங்க!" என்று கை நீட்டினான் நெட்டையன். அவன் முகத்தில் துளிகூடக் கேலி இல்லை.

பட்டாணி கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டாள். "எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு!" என்று அரங்கமே கத்தியது. சைக்கிள் கடைக்காரரின் குரல்தான் எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்டது.

அதன் பிறகுதான் ராஜா ஓடத்தில் கால் வைத்தார்.