நனையாத டிஷ்யூ பாக்கெட்

பெஞ்சு முழுக்க நனைந்திருந்தது. அதன்மேல் கிடந்த டிஷ்யூ பாக்கெட் மட்டும் நனையவில்லை.

சேதுபதி அதைக் கவனித்தார். ஆனால் கவனித்ததைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை, பேசிக்கொண்டிருந்தார். பேசும்போது சேதுபதிக்கு வேறு எதற்கும் நேரம் இருப்பதில்லை. அரசாங்க வாரியம் ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பதவிதான், வாய் இல்லை. கேட்க ஆளில்லாமல் சிங்கப்பூர் கிளமெண்டி வீட்டில் கொஞ்ச நாள் தவித்துப் பார்த்துவிட்டு, 'வார இறுதி ரயில் நடைக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்து, தன்னையே அதற்குக் கௌரவத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். சனிக்கிழமையானால் எம்ஆர்டி ரயில் பிடித்து ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்குவது, ஸ்டேஷனைச் சுற்றிப் பார்ப்பது, பக்கத்தில் புல்லும் மரமும் மிச்சமிருக்கிற இடமாகப் பார்த்துக் கொஞ்ச தூரம் நடப்பது, முடிந்ததும் தேக்கா உணவங்காடியில் சாப்பாடு. மற்றவர்கள் சாப்பாட்டுக்காக வந்தார்கள். தலைவர் கழுத்தில் மாட்டிய மைக்குக்காக வந்தார்.

இன்றைக்குப் புக்கிட் தீமா. மலேசியாவுக்குப் போய்வந்த ரயில் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்து, அந்தத் தடத்தை நடைபாதையாக்கி வருஷக்கணக்காகிறது. பழைய ஸ்டேஷனுக்குப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி, இரும்புப் பாலத்துக்கும் அந்தப் பக்கம், லாலாங் புல் ஆள் உயரத்துக்கு நிற்கிற இடத்தில், யாரும் பெயின்ட் அடிக்காத இந்த மர பெஞ்சு கிடந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. புல்லிலிருந்து ஆவி கிளம்பி முகத்தில் ஒட்டியது. ஈரமண்ணும் துருவும், அதற்கெல்லாம் அடியில், எப்போதோ அணைந்துபோன கரியின் புகையும் கலந்து ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது.

ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பார்கள். சிங்கப்பூரில் அதற்கு டிஷ்யூ பாக்கெட். உணவங்காடி நாற்காலியில் அதை வைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக வரிசையில் போய் நிற்கலாம். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், எவ்வளவு பசியாக இருந்தாலும் யாரும் அதைத் தொடமாட்டார்கள். இந்தப் பழக்கம் சேதுபதிக்கு ஆகாது. இதைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், சமூக மன்றத்தில் 'பொது இருக்கையும் குடிமைப் பண்பும்' என்று உரையாற்றியிருக்கிறார். அன்றைக்கும் கூட்டம் முழுக்கத் தூங்கியது. பாக்கெட் வைத்துப் பிடித்த நாற்காலிகளில்.

"பாருங்கள்!" என்றார் மைக்கில். "காட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது இந்த அநாகரிகம்!"

"விடுங்க தலைவரே," என்றார் முபாரக். ஜூரோங் கப்பல் பட்டறையில் காலம் தள்ளியவர், எந்தத் தலைவருக்கும் பயப்படாதவர். "யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க. வருவாங்க லா."

"எதுல வருவாங்க? ரயிலே வராத இடத்துல எவன்யா சீட்டுப் பிடிக்கிறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். சேதுபதியின் மனைவி பாக்கியலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

"என்னங்க, அதைத் தொடாதீங்க. நாம நின்னுக்கலாம்."

உட்கார இடமிருக்கும்போது நிற்பது சேதுபதியின் ஜாதகத்திலேயே கிடையாது. இரண்டு விரலால் பாக்கெட்டைத் தூக்கினார். பிளாஸ்டிக் உறை மஞ்சளேறி, மடிப்புகளில் பொடிந்துகொண்டிருந்தது. எத்தனை மழை பார்த்ததோ, ஒரு சொட்டு ஈரமில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்து, தலைவருக்குரிய நிதானத்தோடு உட்கார்ந்தார்.

பெஞ்சு சூடாக இருந்தது.

வெயிலின் சூடு இல்லை. எம்ஆர்டியில் ஒருவர் எழுந்த மறு நிமிஷமே நாம் போய் உட்கார்ந்தால் தெரியுமே, இன்னொரு உடம்பின் சூடு, அது. நனைந்த மரத்துக்குள்ளிருந்து அது மெல்ல ஏறி அவர் தொடைகளில் பரவியது. அரை மணி நேரத்துக்குத் தயாரித்து வந்த உரையை ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டு எழுந்தார். குழு கைதட்டியது. மனதாரத் தட்டியது அதுதான் முதல் தடவை.

தேக்காவுக்குப் போகிற ரயிலில் நல்ல கூட்டம். சேதுபதிக்கு இடம் கிடைத்தது. அவருக்கு எப்போதும் கிடைக்கும். இரண்டு ஸ்டேஷன் போன பிறகுதான் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது. கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள், கதவில் சாய்ந்து நிற்கிறார்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண் தடுமாறிக்கொண்டு நிற்கிறாள். அவள் அந்த சீட்டைப் பார்த்தாள். மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சேதுபதி திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டில், நட்ட நடுவில், மஞ்சளேறிய டிஷ்யூ பாக்கெட்.

"பாக்கியம், இதை நீ வெச்சியா?"

எதிரில் நின்றிருந்த பாக்கியம் குனிந்து பார்த்தாள். "நான் ஏன் வைக்கறேன்? யாராவது வருவாங்க."

இந்தத் தடவை அதைத் தொட அவருக்குக் கை நீளவில்லை. ஏசி குளிரில் வலது தொடை மட்டும் கதகதவென்றிருந்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் இருக்குமே, அப்படி.

தேக்காவில் பிரியாணியை மேசையில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார். திரும்பி வந்தபோது தட்டு இருந்தது, அவருடைய தொப்பி இருந்தது, நாற்காலி மேல் பாக்கெட் இருந்தது. எதிரில் முபாரக் கோழிக்காலோடு போராடிக்கொண்டிருந்தார். சேதுபதி நாற்காலியை இழுத்தார்.

"ஆள் இருக்கு," என்றார் முபாரக், நிமிராமலேயே.

"முபாரக்?"

முபாரக் நிமிர்ந்தார். அவர் கண்ணில் சேதுபதி யாரோ ஓர் அந்நியர். கொஞ்ச நேரம்தான். பிறகு அடையாளம் வந்து நிறைந்தது. "அட, நீங்களா தலைவரே! மன்னிச்சுக்குங்க. வேற யாரோன்னு..." என்று சிரித்தார். சேதுபதியும் சிரித்தார். பிரியாணியை நின்றுகொண்டே சாப்பிட்டார். செரிமானத்துக்கு நல்லது என்று எல்லோருக்கும் விளக்கமும் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை புக்கிட் தீமா பக்கமே வேண்டாமென்று கிராஞ்சிக்குப் போனார்கள். ஸ்டேஷனைப் பார்த்து, பண்ணைகள் இருக்கிற பக்கம் கொஞ்சம் நடந்து, ஒரு மரத்தடியில் படம் எடுத்தார்கள். எடுத்தவள் ரோஷினி, குழுவிலேயே இளையவள், ஐடி வேலை. வழக்கம்போல சேதுபதி நடுவில் நின்றார். அவர் நடுவில் நிற்காத படத்துக்குக் குழுவில் அங்கீகாரம் கிடையாது.

"அங்கிள், நீங்க ஏன் ஓரத்துல போய் நின்னீங்க?" என்று போனை நீட்டினாள் ரோஷினி. "அதுவும் பாதி கட் ஆயிட்டீங்க. நடுவுல இவ்ளோ பெரிய கேப், யாருக்கு?"

படத்தில் எல்லோரும் சிரித்தபடி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். முபாரக்கின் கை அந்த வெற்றிடத்தின் தோள்மேல் இருந்தது. படத்தின் வலது ஓரத்தில் சேதுபதியின் ஒரு காது, ஒரு கை, மைக்.

நடுவில்தான் நின்றார். சத்தியமாக நடுவில்தான் நின்றார்.

வீட்டில் சேதுபதிக்கு ஒரு சாய்வு நாற்காலி உண்டு. ஓய்வு பெற்றபோது வாங்கியது, கறுப்புத் தோல். வெளியே முதல் வரிசைக்கும் மேடைக்கும் அவர் எத்தனையோ பேரோடு முட்டி மோதியிருக்கிறார். உலகத்தில் அவரோடு யாரும் போட்டிக்கு வராத ஒரே இடம் இதுதான். நடை முடிந்து வந்து அதில் சாய்ந்தால், பாக்கியம் இஞ்சி டீயோடு வந்து எதிரில் உட்காருவாள். பேசமாட்டாள். அவரும் அங்கே மட்டும் பேசமாட்டார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் மற்ற அத்தனையும் என்பது அவருக்கே கிராஞ்சியிலிருந்து திரும்பிய அன்றுதான் தெரிந்தது.

அன்றைக்கு நாற்காலியில் பாக்கெட் இருந்தது.

"பாக்கியம், அதை எடுத்துப் போடு."

"எதுக்குங்க?" என்றாள் அவள், சாந்தமாக. "யாரோ வெச்சிருக்காங்க இல்ல? எடுக்கக் கூடாது." துடைப்பத்தை நாற்காலியைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனாள், அதில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் காலில் பட்டுவிடக் கூடாதென்பது போல. பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க இதுல உட்காருங்களேன்."

டீ வந்தது. இரண்டு கப். ஒன்றை எடுத்து அவள் குடித்தாள். இன்னொன்றை நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தாள்.

வாரம் முழுவதும் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். சனிக்கிழமை, 'தலைவருக்கு உடல்நலமில்லை' என்று குழுவுக்குத் தகவல் அனுப்பிவிட்டுத் தனியாகப் புக்கிட் தீமாவுக்குக் கிளம்பினார். ஸ்டேஷன் வாசலில் சக்கர நாற்காலியில் டிஷ்யூ விற்கிற சீனப் பாட்டியிடம், இத்தனை வருஷம் பார்க்காத மாதிரி கடந்துபோன அதே பாட்டியிடம், ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டியதும் மழை. பெஞ்சு அங்கேயே இருந்தது. பழைய பாக்கெட்டைப் போட்ட தொட்டியைத் தேடினார். தொட்டி இல்லை. அங்கே தொட்டி இருந்ததற்கான தடமும் இல்லை, புல்தான் அடர்ந்திருந்தது. புது பாக்கெட் ஒன்றைப் பிரித்தெடுத்து பெஞ்சின் நடுவில் வைத்தார். அது உடனே நனைந்து ஊறியது. மைக் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சின்னது என்று அவருக்கே அப்போதுதான் கேட்டது.

"உங்க இடம்னு தெரியலை. தப்புதான். மன்னிச்சுக்குங்க. உங்க இடத்தை நீங்களே எடுத்துக்குங்க."

மழை கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. தண்டவாளமே இல்லாத தரை. எதிரே லாலாங் புல் ஒரே கோட்டில் வகிடெடுத்தது போலப் பிரிந்துகொண்டு வந்தது. கரி வாசனை. சேதுபதி திரும்பி நடந்தார். பின்னால் கருங்கல் ஜல்லி நொறுங்கும் சத்தம். நடைபாதையில் ஜல்லி கிடையாது. அவர் ஓடினார்.

ரயிலில் இடம் இருந்தது. கிளமெண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் நாற்காலி காலியாக இருந்தது.

குனிந்து பார்த்தார். இடுக்கில் கைவிட்டுத் தடவினார். பாக்கெட் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தோல் சில்லென்று குளிர்ந்திருந்தது. யாரும் உட்காராத குளிர். சமையலறையில் பாக்கியம் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? நல்லா நனைஞ்சிருப்பீங்களே. உட்காருங்க, டீ போடறேன்."

உட்காருங்க. அந்தச் சொல்லுக்கு அவருக்குக் கண் கலங்கியது. உட்கார்ந்தார். சாய்ந்தார். நாற்காலி அவருக்கேற்ற மாதிரி அமுங்கி அவரை வாங்கிக்கொண்டது. கொஞ்சம் கண்ணை மூடினார்.

இஞ்சி தட்டும் சத்தம் நிற்கவில்லை. அதற்குள் மடியில் ஏதோ கனமில்லாமல் வந்து இருந்தது.

கண்ணைத் திறந்தார்.

மடியில் பாக்கெட். மஞ்சளேறியது. அவர் சட்டை, பேன்ட், எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். பாக்கெட்டில் ஒரு சொட்டு இல்லை.

தட்டிவிடக் கையைத் தூக்கினார். கை வரவில்லை. கைப்பிடியில் கை இருந்தது. எது கைப்பிடி, எது கை, தெரியவில்லை. முதுகு எங்கே முடிந்து தோல் எங்கே ஆரம்பிக்கிறது, தெரியவில்லை. பாக்கியம் என்று கூப்பிட்டார். வாய் திறக்கவில்லை. நாற்காலிக்கு ஏது வாய்?

கேட் திறந்தது.

டைல்ஸ் தரையில் ஜல்லி நொறுங்கியது. ஓர் அடி. இன்னோர் அடி. துரு வாசனை. கரி.

எதிரில் இரண்டு முழங்கால்கள் வந்து நின்றன. நீர் சொட்டியது. தலையைத் தூக்க முடியவில்லை. முகம் தெரியவில்லை. ஒரு கை இறங்கி வந்து மடியிலிருந்த பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டது. பிடித்து வைத்த இடத்துக்கு வந்து சேர்ந்த எவரும் செய்வதுதான்.

பிறகு அது திரும்பியது. முதுகு. ஈர முதுகு. அதில் ஒட்டியிருந்த லாலாங் பூ. முதுகு அவரை நோக்கி இறங்கியது. மெல்ல. அவசரமில்லாமல். சூடாக.

"என்னங்க இது, இவ்வளவு ஈரத்தோடயா உட்காருவாங்க?" பாக்கியம் இரண்டு கப்போடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் நிம்மதி. நேராகப் பார்த்துச் சிரித்தாள். சேதுபதியின் தலைக்கு மேலே, ஒரு முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்து.

"இந்தாங்க," என்று கப்பை நீட்டினாள்.

நகக்கண்ணெல்லாம் துருவேறிய கை ஒன்று நீண்டு அதை வாங்கிக்கொண்டது.