இரைச்சல் நின்ற அறை

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்தது அந்த வீடு. மதிய மழையில் நனைந்தபடி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பாண்டியராஜன் பையுடன் மாடி ஏறினான். கமலாக்ஷி கதவைத் திறந்தாள்.

"மெதுவா வாங்கோ. சத்தம் கேக்கறதோ?"

கேட்டது. உள்ளறையில் ஏதோ கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது.

"எப்ப இருந்து இப்படி, மாமி?"

"என் பொண்ணு ஸாதனா சுகமில்லாம படுத்திருந்தப்பவே. இந்தச் சத்தத்துல உறக்கம் வரலைம்மான்னு தினம் சொல்லுவா. நாளைக்கு ஆளைக் கூப்பிடறேன்னு நானும் தினம் சொன்னேன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கர்க்கடக மாசத்துல போயிட்டா. இப்பவும் அவ உறங்கலை."

அவன் உள்ளறைக்குள் போனான். மேஜை மேல் கம்ப்யூட்டர். எதிரே வெறும் கட்டில். சுக்கு நெடியோடு ஈரம் மணத்தது.

முதலில் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

சத்தம் நிற்கவில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே எந்த விசிறியும் சுற்றவில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியை ஒவ்வொரு பாகத்திலும் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை.

இரைச்சல் கட்டிலிலிருந்து வந்தது.

"மாமி, இது மெஷின்ல இருந்து வரலை."

"தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "முன்னாடி வந்தவா ரெண்டு பேரும் ஓடிட்டா. நீங்களும் போயிடாதேங்கோ. நான் அவளுக்குக் கொடுத்த வாக்கு."

போகத்தான் நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் உப்பியிருந்தன. பையிலிருந்த புதிய பவர் சப்ளையை மாட்டினான். விசிறியைக் கழற்றித் தூசி தட்டி ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். கடைசியாக வயரைச் செருகினான்.

"முடிஞ்சது. யாரோட மெஷினோ அவங்க கையாலதான் ஆன் பண்ணணும்னு சொல்லுவேன். எங்கிட்ட அது ஒரு வழக்கம்."

வாய் தவறி வந்துவிட்டது. கமலாக்ஷி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னோடது இல்லையே, அவளோடதாச்சே."

பட்டன் தானே உள்ளே போனது.

நீல விளக்கு எரிந்தது. விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. கட்டிலில் இரைச்சல் மெல்லத் தாழ்ந்தது. நின்றது.

பிறகு ஒரு நீண்ட மூச்சு. இன்னொன்று. உறங்குகிறவளின் மூச்சு.

கமலாக்ஷி வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் ஓசையின்றி வெளியே வந்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

"கொஞ்சம் உறங்கட்டும். அப்பறமா போய்ப் பக்கத்துல உக்காந்துக்கறேன்," என்றாள்.

உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. மெதுவாக, யாரையும் நோகடிக்கக் கூடாது என்பதுபோல.

கமலாக்ஷி கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

தட்டவில்லை.